ஒரு சொட்டு ரத்தம், ஒரு கோடு

அது இரண்டாயிரத்து ஆறு. சிக்குன்குனியாக் காய்ச்சல் வந்து ஊரே முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்த வருஷம். ஆடி பிறந்து ஒரு வாரத்தில் வெள்ளைத்துரை பெயருக்கு ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. திருத்தங்கலில் இருக்கிற அவர் வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் போர்மேனாக இருக்கிற பட்டாசுக் கம்பெனிக்கு வந்தது. அங்கே டைம் ஆபீஸ் கிளார்க் காசிராஜன் இருந்தார். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதும் தன் வேலையில் சேர்ந்ததுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

போன மாதம் முதலாளியின் அப்பா நினைவு நாளுக்குக் கம்பெனியில் ரத்ததான முகாம் நடந்தது. வருஷா வருஷம் நடப்பதுதான். நாற்பத்து மூன்று பேர் ரத்தம் கொடுத்தார்கள். ஆளுக்கொரு சான்றிதழ், நாலு கலரில், முதலாளி அப்பாவின் படத்தோடு. சிவகாசியில் ரத்தம் கிடைக்கத் தாமதமாகலாம், சான்றிதழ் அடிக்கத் தாமதம் ஆகுமா? நாற்பத்து மூன்று பேருக்கும் பாரம் எழுதியவர் காசிராஜன்தான். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா: இல்லை. காமாலை வந்ததா: இல்லை. முகவரி: கம்பெனி. வருகைப் பதிவேட்டில் வரிசையாக டிக் அடித்துப் பழகிய கை அது. கால் மணி நேரத்தில் நாற்பத்து மூன்று ஆரோக்கியசாலிகளை உண்டாக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வந்த கடிதத்தில் இரண்டே வரி. தாங்கள் அளித்த ரத்தத்தில் வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ் என்று வந்திருக்கிறது, நேரில் வந்து ஆலோசனை பெறவும். காசிராஜனுக்கு அது புரியவில்லை. புரியாததைப் புரியாமலே மூடி வைக்கிற குணம் இருந்தால் அவர் ஏன் காசிராஜனாக இருக்கப்போகிறார்? தெரிந்த மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அதா? அது பொம்பளச் சீக்குக்குப் பாக்குற டெஸ்டுல்ல அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் சரவெடிக் கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் தொழிலாளர் வேன் திருத்தங்கலுக்குத் திரும்பியபோது இருபது பேரும் அதையேதான் பேசிக்கொண்டு வந்தார்கள். வேனை ஓட்டியவன் அய்யாதுரை. வெள்ளைத்துரையின் மச்சினன், அதாவது அவர் மனைவி சின்னத்தாயின் கூடப்பிறந்த தம்பி. அன்றைக்கு அவன் இரண்டு இடத்தில் வேனைக் குழிக்குள் விட்டான்.

சின்னத்தாய் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் லேபிள் ஷீட் பார்த்து எண்ணுகிற வேலையில் இருந்தாள். பன்னிரண்டு வருஷ அனுபவம். மத்தாப்புப் பெட்டி லேபிளில் இருக்கிற கிளிக்கு மூக்குச் சிவப்பு ஒரு நூல் விலகியிருந்தாலும் போதும், தூக்கி எறிந்துவிடுவாள். அப்படிப்பட்ட கண்ணுக்குத் தன் புருஷன் விஷயத்தில் பதினாறு வருஷமாக ஒரு பிசகும் தட்டுப்படவில்லை. அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது.

வேனில் வந்த பேச்சு அவருக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்திருந்தது. வெள்ளைத்துரை வீட்டுக்குள் காலை வைத்ததும் ஆரம்பித்தாள்.

"பொம்பளச் சீக்காம்ல. எந்தப் பொம்பள? பேரச் சொல்லுங்க, வெத்தல பாக்கு வச்சு வீட்டுக்கே கூப்புடுதேன்."

"ஏ புள்ள, நான் ஒரு தப்பும் பண்ணல."

"அப்ப எவ வீட்டுச் சீக்கு நம்ம வீட்டுக்கு வந்துச்சு? நடந்தா வந்துச்சு?"

"நான் ஒரு தப்பும் பண்ணல" என்றார் மறுபடியும். சாதாரணமாக வெள்ளைத்துரை வாய் மூடாத ஆள். அன்றைக்கு இந்த ஒரு வாக்கியத்தையே பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி. தப்புப் பண்ணலன்னா வாங்க, இன்னொருக்க ரத்தம் குடுத்துப் பாத்துருவோம்."

வெள்ளைத்துரையின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "அதெல்லாம் முடியாது. ஒரு சொட்டுக்கூடக் குடுக்க மாட்டேன்" என்றார்.

நாலு வருஷமாக ஊருக்கெல்லாம் பை பையாக ரத்தம் கொடுத்தவர், பெண்டாட்டி கேட்கும்போது ஒரு சொட்டுக்குக் கணக்குப் பார்த்தால் என்ன அர்த்தம்? சின்னத்தாய்க்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. அன்றிலிருந்து தட்டில் சோறு விழும்போது சத்தம் கேட்டது. பேச்சு மட்டும் கேட்கவில்லை.

இந்த மாதிரி நேரத்துக்குத்தானே கூடப்பிறந்தவன் இருக்கிறான்? தம்பியை வரச் சொன்னாள். வந்து மச்சானைச் சட்டையைப் பிடித்து உலுக்குவான் என்று எதிர்பார்த்தாள். அய்யாதுரை வந்தான், கையில் அரைக்கிலோ சாத்தூர் காராச்சேவு. நேராகப் போய் மச்சானின் காலடியில் உட்கார்ந்தான்.

"சாப்புடுங்க மச்சான். உங்களுக்குப் பிடிக்கும்னு வாங்கிட்டு வந்தேன்."

"ஏலே, ஒன்னய எதுக்குக் கூப்பிட்டேன், நீ என்ன செய்யுற?" என்று கத்தினாள் சின்னத்தாய்.

"விடுக்கா. மச்சான் தங்கமான மனுசன். அவரு மாதிரி ஒருத்தர் இந்தச் சில்லாவுலயே கெடையாது."

மறுநாளும் வந்தான், சீனிமிட்டாய் பொட்டலத்தோடு. அதற்கு மறுநாள் மச்சானின் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டான். ஆவணி கடைசியில் அவனுக்கே கல்யாணம். அச்சங்குளத்துப் பெண் வேல்விழியைச் சின்னத்தாய்தான் தேடிப்பிடித்துப் பேசி முடித்திருந்தாள். மாப்பிள்ளைக் களை வர வேண்டிய நேரத்தில் பயல் இளைத்துக்கொண்டே போனான். அக்காள் குடும்பம் சந்தி சிரிக்கிறதே என்ற கவலை என்று அவள் நினைத்துக்கொண்டாள். உருகிப்போனாள்.

ஏழாம் நாள் சின்னத்தாய்க்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. சீக்கு தனக்கும் வந்திருந்தால்? லீவு சொல்லிவிட்டு சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பாத்திரக் கடை மாடியில் இருக்கிற லேபுக்குப் போனாள். அங்கே ரத்தம் பார்க்கிறவள் சபியா. முக்காடு நழுவாமல், ஊசி வலிக்காமல் வேலை செய்கிற பெண். சின்னத்தாய் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினாள். சபியா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும். சின்னத்தாய் ஓவென்று அழுதாள். தனக்கு இல்லாமல் அவருக்கு மட்டும் இருக்கிறதென்றால் அவர் தன்னிடம் வாங்கவில்லை, வெளியேதான் வாங்கியிருக்கிறார் என்பது அவள் கணக்கு.

"அளாதீகக்கா. வந்துருந்தாலும் ஊசி போட்டாச் சரியாப்போற சீக்குதான். அதுலயும், அது சீக்குதானான்னே இன்னும் தெரியாது" என்றாள் சபியா. "அந்தப் பளைய டெஸ்டு கிருமியப் பாக்கவே பாக்காது. மாட்டு இருதயத்துல எடுத்த ஒரு கொழுப்ப வச்சுப் பாக்குறது அது. கிருமி ஒடம்பக் கெடுத்தா, ரத்தத்துல அந்தக் கொழுப்புக்கு எதிரா ஒண்ணு உண்டாகும். ஆனா சிக்குன்குனியா மாதிரிக் காய்ச்சல் அடிச்சாலும் சில பேருக்கு உண்டாகும், மாசமா இருந்தாலும் உண்டாகும். உள்ள ஏதோ கொளப்பம்னு மட்டும் அந்த டெஸ்டுக்குத் தெரியும். யாரு கொளப்பம்னு தெரியாது."

"அவருக்குக் காய்ச்சலே வரலியே! எனக்கு வந்துச்சு, எந்தம்பிக்கு வந்துச்சு. அந்த மனுசன் மட்டும் கல்லு மாதிரி இருந்தாரு."

சபியா அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். மதுரையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனபோது கொடுத்தார்களாம். உள்ளே விரல் நீளத்துக்கு வெள்ளைப் பட்டைகள்.

"இது புதுசு. இது அந்தக் கிருமிய மட்டும் பாக்கும். கிருமியோட புரதத்த இந்தப் பட்டையில தடவிருக்கு."

சின்னத்தாய் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "கிருமியையா டப்பாவுக்குள்ள வச்சிருக்க?"

"கிருமி இல்லக்கா. அது பாட்டில்ல வச்சு வளத்தா வளராது, அம்புட்டுத் திமிரு அதுக்கு. முன்னாடி மொயலுக்குள்ள வச்சுத்தான் வளத்து எடுத்தாங்க. மொயல்ல எந்த எடத்துலன்னு கேக்காதீக, எனக்குச் சொல்ல வெக்கமா இருக்கு. இப்ப மொயலும் வேண்டாம், கிருமியும் வேண்டாம். அந்தக் கிருமியில, இந்தப் புரதத்தச் செய்யின்னு எளுதியிருக்கிற மரபணுத் துண்ட மட்டும் எடுத்து, சாதுவான வேற ஒரு பாக்டீரியாவுக்குள்ள வச்சுருவாங்க. அது பாட்டுக்கு அந்தப் புரதத்த மட்டும் செஞ்சு தள்ளும்."

சின்னத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டையை உற்றுப் பார்த்தாள்.

"எவனோ வெடிக் கம்பெனி வச்சிருக்கான். அவன் லேபிள நாங்க எங்க பிரஸ்ல அடிக்கோம். லேபிள் அச்சு அசலா அவந்தான். ஆனா வெடி எங்க கிட்ட கெடையாது. அந்த மாதிரியா?"

மதுரையில் பெரிய டாக்டர் இரண்டு நாள் திரையில் படம் போட்டுக் காட்டியதை இவள் ஒரே மூச்சில் சொன்னதும் சபியா பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுக் கையைத் தட்டினாள். "அதேதான்க்கா! அந்தச் சீக்கு வந்த ஒடம்பு அந்த லேபிள மறக்காது. பட்டையில கண்டா ஒட்டிக்கிடும். கோடு விளும். சீக்கு சரியாப்போனவங்களுக்கும் பெரும்பாலும் ஆயுசுக்கும் விளும்."

"கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணதும் காட்டிக்குடுக்குமா?"

"காட்டிக்குடுக்கும்."

அழுகை போன இடம் தெரியவில்லை. "ஞாயித்துக்கெளம கூட்டிட்டு வாரேன். பட்டைய எடுத்து வையி" என்று எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து இரண்டே வாக்கியம் பேசினாள். "ஞாயித்துக்கெளம ரத்தம் குடுக்க வரலன்னா, திங்கக்கெளம நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்." சொன்னால் செய்கிறவள் என்பது வெள்ளைத்துரைக்குத் தெரியும். மூன்று நாள் அவர் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பலிக்குப் போகிற ஆடு மாதிரி பஸ் ஏறினார். கூப்பிடாமலே அய்யாதுரையும் ஏறிக்கொண்டான்.

லேபில் வெள்ளைத்துரை நாற்காலியில் உட்கார்ந்தார். சபியா எடுத்தது ஊசிகூட இல்லை. விரல் நுனியில் குத்துகிற சின்ன முள். இருபது வருஷம் வெடிமருந்து கலந்தவர் வெள்ளைத்துரை. ஒரு தடவை தீப்பிடித்த சாக்கை வெறுங்கையால் இழுத்து வெளியே போட்டவர். அந்தத் தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. அந்த முள்ளைப் பார்த்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. "தாயி, கொஞ்சம் தண்ணி..." என்றார். அப்படியே நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தார்.

சபியா முகத்தில் தண்ணீர் தெளித்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். "என்னக்கா இது? இவுகளா நாலு தடவ ரத்தம் குடுத்தவுக?"

சின்னத்தாய் புருஷனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே."

"அக்கா, ராஜபாளையம் பஸ்ஸு கெளம்புது பாரு, கூட்டமே இல்ல."

"ஏலே, என் மொகத்தப் பாரு."

அய்யாதுரை பார்த்தான். அவ்வளவுதான், உடைந்துவிட்டான்.

"மொத வருசம் மச்சான் ஊசியப் பாத்ததும் கக்கூசுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாருக்கா. வெளிய அவரு பேரச் சொல்லிக் கூப்புடுறாக. மானம் போயிரும்னு நான் போயி அவரு பேர்ல படுத்துட்டேன். மொதலாளி போட்டோவுக்கு வரும்போது மட்டும் மச்சான் வந்து கையில பஞ்ச வச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. அப்பறம் வருசா வருசம் அப்பிடியே பளகிருச்சு. அந்தக் கடுதாசியில இருக்கறது எம் ரத்தம்க்கா. நான் ஒண்ணும் பண்ணல, சத்தியமா. ஆனா பண்ணலன்னு எப்பிடிக் காட்டுறது? திருவிளாவுல குடிச்ச சர்பத்துல இருந்து வந்துச்சோ, வேன் சீட்டுல இருந்து வந்துச்சோன்னு பத்து நாளா எனக்கு ஒறக்கமே இல்ல."

சின்னத்தாய் முதலில் அவன் முதுகில் நாலு வைத்தாள். கை வலித்ததும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பத்து நாளா நான் ஒங்கள என்ன பாடு படுத்துனேன். நீக ஏன் வாயத் தொறக்கல?"

"மொத நாளு வெக்கம்" என்றார் வெள்ளைத்துரை, தரையைப் பார்த்துக்கொண்டு. "போர்மேன் ஊசிக்குப் பயந்தவன்னு தெரிஞ்சா எவன் மதிப்பான்?"

"ரெண்டாம் நாளு?"

"ரெண்டாம் நாளு ஒந்தம்பி வந்து காலடியில உக்காந்துட்டான். நான் வாயத் தொறந்தா பேச்சு அச்சங்குளத்துக்குப் போகும். கல்யாணம் நின்னுரும். எனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே."

சின்னத்தாய்க்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த மனிதனையா தட்டைத் தூக்கி எறியாத குறையாகப் பத்து நாள் வைத்திருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. ஊசிக்குப் பயந்து கக்கூசில் ஒளிந்தவர், ஊர் முழுக்கச் சிரித்தபோது ஒளியாமல் அதே வேனில் ஏறி வேலைக்குப் போயிருக்கிறார். அவர் மேல் அவளுக்கு அப்போது வந்த பிரியம், கல்யாணம் ஆன புதிதில்கூட வந்ததில்லை. ஆனால் அதையெல்லாம் சொல்ல நேரமில்லை. தம்பியின் தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது.

"இவன் ரத்தத்த எடு சபியா" என்றாள்.

சபியா அய்யாதுரையின் விரலில் குத்தி ஒரு சொட்டைப் பட்டையில் விட்டாள். மேலே இரண்டு துளி மருந்து நீர். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிவப்பு மெல்லப் பட்டையில் ஊர்ந்தது. அய்யாதுரை இருக்கன்குடி மாரியம்மனுக்கு முதலில் மொட்டை நேர்ந்தான், அப்புறம் ஆட்டுக்கிடாய், அப்புறம் இரண்டு கிடாய். மூன்றாவது கிடாய்க்குப் போகும்போது பட்டையில் பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது.

"அய்யோ, எங்கூடப் பொறந்தவனே!" என்று சின்னத்தாய் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, அக்கா! அது பட்ட ஒளுங்கா வேல செய்யுதுன்னு காட்டுற கோடு. எல்லாருக்கும் விளும். இதுக்குக் கீள இன்னொண்ணு விளுந்தாத்தான் சீக்கு."

நாலு தலைகளும் பட்டையின் மேல் கவிந்தன. லேபிளில் நூல் பிசகைப் பிடிக்கிற கண்ணால் சின்னத்தாய் கீழே இருந்த வெள்ளையைத் துழாவினாள். ஒரு ரோமம் அளவுக்கும் நிறம் வரவில்லை. கால் மணி ஆயிற்று. ஒரே கோடு.

"சீக்கு இல்ல" என்றாள் சபியா. "முகாமுக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சா தம்பி?"

"முகாமுக்கு மூணு வாரத்துக்கு முன்னாடி சிக்குன்குனியா. கியர் மாத்தக்கூட முடியல."

"அத ஏன் பாரத்துல சொல்லல?"

"பாரம் காசிராஜன் அண்ணாச்சில்ல எளுதுனாரு."

சபியாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "காய்ச்சல மறைச்சு, பேர மாத்தி ரத்தம் குடுக்குறது வெளையாட்டா? அந்தப் பை தீக்காயத்துல கெடக்குற யாருக்கோ போறது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி நடந்ததச் சொல்லுங்க. அங்கயும் ஒருக்கப் பாத்துருங்க." மச்சானும் மச்சினனும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் போலத் தலையை ஆட்டினார்கள்.

அய்யாதுரை தப்பித்தான். ஆனால் கடிதம் வெள்ளைத்துரை பெயரில் அல்லவா இருக்கிறது? அது அய்யாதுரை ரத்தம் என்று கம்பெனியில் சொன்னால், காசிராஜன் பாதியைக் கேட்டுவிட்டு அந்தப் பாதியை அச்சங்குளத்துக்கு அனுப்பிவிடுவார். வெள்ளைத்துரையே சொன்னார்: "என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும் புள்ள. ரெண்டு மாசத்துல தீபாவளி சீசன் வந்தா எல்லாவனும் மறந்துருவான்."

"ஒங்க பேர்ல எதுக்கு இருக்கணும்?" என்றாள் சின்னத்தாய். "ஆஸ்பத்திரிக்குப் போற உண்மை அங்க போகட்டும். கம்பெனிக்கு, வெள்ளைத்துரை ரத்தத்தப் புது டெஸ்டுல பாத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னு ஒரு சீட்டுப் போதும். அதுல ஒரு வார்த்த பொய் கெடையாது. ஆனா அதுக்கு நீக வெரல நீட்டணும்."

வெள்ளைத்துரை முள்ளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார், அவன் தன் விரலை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். கடைசியில் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நீ பக்கத்துல உக்காருதியா?" என்று கேட்டார். பத்து நாளில் அவர் அவளிடம் கேட்ட முதல் உதவி அது.

சின்னத்தாய் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். சபியா குத்தினாள். வெள்ளைத்துரை போட்ட சத்தத்தில் கீழே பாத்திரக் கடைக்காரர் மாடிப்படியில் பாதி தூரம் ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் வெள்ளைத்துரை கையை இழுக்கவில்லை, மயங்கவும் இல்லை. நாலு சான்றிதழ் வாங்கியவர் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தார்.

பட்டை மேஜையில் கிடந்தது. சிவப்பு ஊர்ந்தது, ஒரு கோடு விழுந்தது. அய்யாதுரை குனிந்து நின்று பார்த்தான், சபியா கடிகாரத்தைப் பார்த்தாள். சின்னத்தாய் பஞ்சை வைத்து அவர் விரலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "வலிக்கா? இன்னும் வலிக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ரத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

"அக்கா, கால் மணி ஆயிருச்சு" என்று சபியா பட்டையை நீட்டினாள். "வாங்க, நீங்களே பாருங்க."

சின்னத்தாய் தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

"அது கம்பெனிக்குத்தான் தாயி. சீட்டுல எளுதிக் குடு" என்றாள். "எனக்கு எதுக்கு?"